அரையே அரைக்கால்

அக்காவும் அத்தானும் 2004-இல் மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியபோது, கிரையப் பத்திரத்தில் இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னவன் நான். அப்போது வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். “இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும் அக்கா, நாளைக்கு ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் இன்னொருவருக்கு வீடு தானாக வந்துவிடும்” என்று சொன்னேன். அக்கா அதை அப்படியே நம்பினாள். சொன்ன நானும் நம்பித்தான் சொன்னேன். 2013-இல் அத்தான் மாரடைப்பில் காலமானார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, முழங்கால் வலியோடு மூன்றாம் மாடி ஏற முடியாமல் வீட்டை விற்றுவிடலாம் என்று அக்கா முடிவெடுத்தபோதுதான், நான் சொன்னது தவறு என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

வாங்க வந்தவரின் வழக்கறிஞர் பொறுமையான மனிதர். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துப் படித்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ் நகலின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். அதை இரண்டாகப் பிரித்தார். வலப்பக்கப் பாதியை மீண்டும் நான்காகப் பிரித்தார். அந்த நான்கில் கடைசித் துண்டை மூன்றாகக் கோடு கிழித்துப் பிரித்தார். பிறகு பென்சிலை அந்தச் சிறு துண்டுகளின்மேல் வைத்து, “அம்மா, இந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் இந்த வீட்டை நீங்கள் விற்க முடியாது” என்றார். ஒருவர், பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தானின் அண்ணன். இன்னொருவர், மும்பையில் இருக்கும் அத்தானின் தங்கை. அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவர்கள். கொடுத்ததாக அவர்களும் சொன்னதில்லை.

அந்தக் கட்டத்தின் கணக்கு இதுதான். பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் இருந்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதப்படாமல் இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பார்க்கிறது. அதற்கு ஆதாரம் இல்லையென்றால் இருவருக்கும் சமபாகம் என்று வைத்துக்கொள்கிறது. அக்கா பள்ளி ஆசிரியை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்து முன்பணம் கட்டியவள் அவள். கடனும் இருவர் பெயரில்தான். ஆகவே அவளுக்கு அரை, அத்தானுக்கு அரை. அத்தான் உயில் எழுதவில்லை. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், மகள், இவர்களோடு தாயும் அந்த வகுப்பில் இருக்கிறார். தந்தை அதில் இல்லை. அவர் இரண்டாம் வகுப்பு. அத்தான் இறந்த அன்று அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். எனவே அத்தானின் அரை நான்காகப் பிரிந்து, அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு வந்தது.

எங்கள் தாத்தா இதை அரைக்கால் என்று சொல்லியிருப்பார். காலில் பாதி அரைக்கால். அந்த வாய்பாட்டின்படி, தான் பாதிப் பணம் போட்டு, மீதிக் கடனையும் கணவர் போனபிறகு தனியாக அடைத்த வீட்டில், அக்காவுக்கு இருந்தது அரையே அரைக்கால், அதாவது எட்டில் ஐந்து பங்கு. முழு வீடு என்று அவள் பத்து வருடம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அத்தை 2017-இல் காலமானார். கணவரை முன்பே இழந்த ஓர் இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய பங்கு அவருடைய மகன்களுக்கும் மகள்களுக்கும் போகிறது. முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கு அதன் பிள்ளைகளுக்குப் போகிறது. மருமகளுக்கு அங்கே இடம் இல்லை. அத்தையின் அரைக்கால் மூன்றானது: மூத்த மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, அத்தானின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. இருபத்து நான்கில் ஒரு பங்கு. பழைய வாய்பாட்டில் அதற்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கும் எல்லோரையும் போல அக்காவும் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் ஒன்றைத்தான் கிரையம் பெற்றிருந்தாள். பத்திரத்தில் அது 420 சதுர அடி. அதை இருபத்து நான்கால் வகுத்தால் பதினேழரை சதுர அடி வரும். ஆறடிக்கு மூன்றடி ஒற்றைக் கட்டில் போட்டால் அரை சதுர அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எப்படி இந்தத் தவறான எண்ணம் எனக்கு வந்தது என்று பிறகு நெடுநாள் யோசித்தேன். வங்கியிலிருந்துதான் வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து சேமிப்புக் கணக்கோ வைப்புத்தொகையோ தொடங்கும்போது, படிவத்தில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்ற கட்டத்தில் குறி போடச் சொல்வோம். இருவரில் ஒருவர் இறந்தால் இருப்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடுவோம். ஆயிரக்கணக்கான முறை அந்தக் கட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு, வீட்டுப் பத்திரத்திலும் அதே கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகத் தோன்றிவிட்டது. உண்மையில், வங்கிக் கணக்கில்கூட அந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்று: பணத்தை இவரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அந்தப் பணம் யாருடையது என்பதை அது முடிவு செய்வதில்லை. மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை அவரிடம் கேட்க முடியும். நாமினி என்று பெயர் எழுதுவதும் பெரும்பாலும் இத்தகையதே. நிறுவனப் பங்குகளில் நாமினியாக இருப்பவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

இன்னொரு வழியிலும் இந்த எண்ணம் நம் குடும்பங்களுக்குள் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள், “இரண்டு பேர் பெயரில் போடு, அது போதும்” என்பார்கள். அவர்கள் ஊரில் அது சரி. அங்கே வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டைக் கணவனும் மனைவியும் ‘ஜாயின்ட் டெனன்சி’ என்ற முறையில் வைத்துக்கொள்ளலாம். அதில் எவருக்கும் தனிப்பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருடையது. உயில் எழுதிக்கூட அதை மாற்ற முடியாது. ஆங்கிலச் சட்டம் வளர்த்த முறை அது. இறந்தவரின் பங்கு வாரிசுகளுக்குப் போகாமல் எஞ்சியிருக்கும் கூட்டாளியிடமே சேர்வதை எஞ்சியவர் உரிமை என்று சொல்லலாம். நம் ஊரில் அப்படி இல்லை. கூட்டுக் குடும்பத்தின் பங்காளிகளுக்கு இடையே தவிர இந்து சட்டம் இத்தகைய கூட்டுரிமையை அறியாது என்று அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1896-இலேயே சொல்லிவிட்டது. பத்திரத்தில் ஐயத்துக்கு இடமின்றி வேறு மாதிரி எழுதாதவரை, இரண்டு பெயர் என்றால் இரண்டு தனித்தனிப் பங்குகள்; அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு.

நம் சட்டம் ஏன் எஞ்சியவர் உரிமையை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறது என்று முதலில் எனக்கு ஆத்திரமாக இருந்தது. வரலாற்றைப் படித்தபின் அந்த ஆத்திரம் குறைந்தது. ஏனென்றால், நம் மண்ணில் அந்த உரிமை மனைவியின் கையில் இருந்ததே அரிது. பங்காளி இறந்தால் அவன் பங்கு மற்றப் பங்காளிகளுக்கு; பங்காளிகள் என்றால் ஆண்கள். இறந்தவனின் மனைவிக்குச் சோறும் சீலையும் உண்டு; மகளுக்குக் கல்யாணச் செலவு உண்டு; நிலம் கிடையாது. கணவன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்திருந்தோ, தனியாகச் சொத்து பெற்றிருந்தோ, ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தால் மட்டும் விதவைக்குச் சொத்து வரும். அதுவும் ஆயுள் வரைக்கும்தான். அந்த ஓரிடத்தில் பெண்களுக்குள்ளேயே எஞ்சியவர் உரிமை இருந்தது. தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் மறைந்தபின் அவருடைய மனைவியரிடையே நடந்த வழக்கில், விதவைகள் அனைவரும் கூட்டாகவே சொத்தை அடைகிறார்கள், ஒருவர் இறந்தால் மீதமுள்ளவர்களுக்கே அது சேரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1868-இல் தீர்ப்புச் சொன்னது.

அதைவிடப் பெரிய வழக்கு சிவகங்கையுடையது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக்கினார்கள். 1829-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருக்கு முன்பே இறந்துவிட்ட அண்ணனின் வழியினர், குடும்பம் பிரியாத குடும்பம், ஆகவே எஞ்சியிருக்கும் பங்காளிகளாகிய எங்களுக்கே ஜமீன் என்று எடுத்துக்கொண்டார்கள். கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் வரை போயிற்று. 1863-இல், தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும், இந்த ஜமீன் அந்த ஒரு மனிதர் தனியாகப் பெற்றது, தனியாகப் பெற்றது பங்காளிக்குப் போகாது, வாரிசுக்குப் போகும். ஒரே குடும்பத்தில், ஒரே மனிதர் விட்டுச்சென்றதில், ஒரு சொத்து பங்காளி வழியிலும் இன்னொரு சொத்து வாரிசு வழியிலும் போகலாம் என்ற வேறுபாடு அந்தத் தீர்ப்பில்தான் உறுதிப்பட்டது.

அந்தத் தீர்ப்புக்கு இன்றும் உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் தாமே வாங்கிய நிலம், அவர் இறந்ததும் அவருடைய ஒரே மகளுக்கா, அல்லது அவருடைய சகோதரர் வழி வந்த ஆணுக்கா என்பதே கேள்வி. இறப்பு 1956-க்கு முந்தியது; ஆகவே புதிய சட்டம் துணைக்கு வராது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மகளின் வாரிசுகளாக உரிமை கேட்டவர்களுக்கு மறுத்தன. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று, சிவகங்கைத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, பழைய இந்து சட்டத்திலேயே மகளுக்கு அந்த உரிமை இருந்தது, சொத்து எஞ்சியவர் உரிமையாகப் பங்காளிகளுக்குப் போகவில்லை என்றது. அந்த மகள் இறந்தே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இடையில் சட்டமன்றங்களும் அந்த உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்தன. 1937-இல் விதவைக்குக் கணவனின் பங்கில் ஆயுள்கால உரிமை வந்தது. 1956-இல் மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் முழு உரிமையோடு பங்கு வந்தது. ஒரே சொத்தைப் பல வாரிசுகள் அடைந்தால் அவரவர் பங்கு தனித்தனி என்று 19-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொன்னது. தஞ்சாவூர் விதவைகளின் கூட்டுரிமை அன்றோடு முடிந்தது. கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கிவிட்டது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களைப் பங்காளிகளாக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் நாடு முழுவதும் மகளும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளி ஆனாள். இனி ஓர் இந்து இறந்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர் பங்கு எஞ்சியவர் உரிமைப்படி போகாது, வாரிசுரிமைப்படியே போகும் என்று அதே திருத்தம் எழுதிவைத்தது. மகள் பங்காளியாக, 2005-இன் அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது.

எனவே அக்காவின் வீட்டைத் துண்டு போட்ட அதே விதிதான், வேறு எத்தனையோ பெண்களுக்கு முதல்முறையாக ஒரு துண்டைக் கொடுத்த விதி. முதல் வகுப்பில் தாயை வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மகனைப் பறிகொடுத்த எண்பது வயதுக் கிழவிக்கு, மருமகளின் தயவைத் தவிர வேறு பிடிமானம் வேண்டாமா? மதம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். அத்தான் கிறிஸ்தவராக இருந்திருந்தால், அவருடைய அரையில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிமாக இருந்திருந்தால் அந்த அரையில் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. எந்தக் கணக்கிலும் ‘இரண்டு பெயர் இருந்தால் இருப்பவருக்கே’ என்ற விதி இல்லை.

அப்படியானால் கணவனும் மனைவியும் என்ன செய்திருக்க வேண்டும்? பதில் கொடுமையான அளவுக்கு எளிது. அத்தான் ஒரு வெள்ளைத்தாளில், என் பாதி என் மனைவிக்கு என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டிருந்தால் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. செய்தால் பின்னாளில் நிரூபிக்கச் சுலபம். ஆனால் புதுமனை புகுவிழாவுக்குப் பால் காய்ச்சும் வாரத்தில் வீட்டுக்காரனிடம் போய், “நீங்கள் இறந்தால்” என்று ஆரம்பிக்க யாருக்கு வாய் வரும்? பத்திர எழுத்தர் கேட்கவில்லை. கடன் கொடுத்த வங்கியும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவன் நான். கேட்டிருக்க வேண்டும் என்றே இன்று நினைக்கிறேன். கடனைத் திருப்பிச் செலுத்தும் ஆற்றலைப் பற்றி நாற்பது கேள்வி கேட்கும் மேசையில், உயில் எழுதியிருக்கிறீர்களா என்ற நாற்பத்தோராவது கேள்வியையும் கேட்கலாம்.

இன்னொரு வாய்ப்பும் இருந்தது. அத்தை 2013-க்குப் பின் நான்கு ஆண்டுகள் அக்காவுடன் அதே வீட்டில்தான் இருந்தார், கூடத்தில் சன்னலோரம் ஒரு கட்டிலில். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்களில் முதல் பெயர் அவருடையது; குடும்ப ஓய்வூதியத்துக்காக அதை எடுத்து எடுத்து மடிப்பு கிழிந்துபோயிருந்தது. அந்த நான்கு பெயர்களும் வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று எங்களில் ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும், மகன் போன துக்கத்தில் இருந்தவரிடம் அக்கா கையெழுத்து கேட்டிருக்க மாட்டாள்.

அத்தானின் அண்ணன் தொலைபேசியிலேயே சம்மதித்துவிட்டார். தங்கை சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “கொஞ்ச நாள் கொடுங்க மதினி” என்றார். பணம் எதிர்பார்க்கிறாரோ என்று அக்கா கலங்கினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அவரே சென்னைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குத் திருமணம் 1986-இல். ஆகவே தமிழ்நாட்டின் 1989 சட்டம் அவரைத் தொடவில்லை. 1993-இல் அவர் தந்தை இறந்ததும், அடுத்த ஆண்டே அண்ணன்மார் தாமிரபரணிக் கரையில் இருந்த நஞ்சையைப் பாகப்பிரிவினை செய்து பதிந்தார்கள். தந்தையின் வாரிசாக இவருக்கு இருந்த சிறு பாகத்துக்கு ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் கிளறுவதில்லை. அந்தக் கதவு அப்படியே மூடிக்கொண்டது. “அன்னைக்குப் பத்திரத்தை யாரும் எனக்குப் படிச்சுக் காட்டல மதினி. இங்க போடு, இங்க போடுன்னாங்க. போட்டேன்” என்றார். அண்ணன்மார் என்று அவர் சொன்னதில் அத்தானும் சேர்த்தி. அக்கா பதில் சொல்லவில்லை.

அன்று இரவு அவர் கூடத்தில், அவருடைய அம்மா படுத்திருந்த கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். காலையில் குளித்துவிட்டு வந்து, “எனக்கு ஒண்ணும் வேண்டாம். எழுதச் சொல்லுங்க” என்றார்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள பத்திர எழுத்தரின் கடையில் பத்திரம் தயாராக இருந்தது. எழுத்தர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அத்தானின் தங்கை பேனாவை வாங்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் படியுங்கள் என்றேன். நான்கு பக்கம், நிறுத்தாமல் படித்தார். ‘மேற்படி சொத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட இருபத்து நான்கில் ஒரு பங்கு’ என்ற இடம் வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எழுத்தர் படித்தார். அதன்பிறகு பேனாவை வாங்கி, நான்கு பக்கங்களிலும் கையெழுத்திட்டார்.